துணி மூடிய கூண்டு

"இனிப்பு எடுத்துக்குங்க, டீச்சரம்மா! எம் மவன் வாயைத் திறந்துட்டான்!"

அல்ஜியர்ஸ் நகரின் சிறப்புப் பள்ளியில், பேச்சுப் பயிற்சி தரும் லமியாவிடம் மக்லூஃப் தட்டை நீட்டினான். அதுவரை ஒரு சொல்லும் பேசாத மகன் யானிஸ் அவன் மடியில் இருந்தான். மனைவி வர்தியா இனிப்பைத் தொடவே இல்லை.

"என்ன சொன்னான்?"

"நான் கடையில இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரிதான் கேட்டாளாம், நீளமா ஏதோ பேசினானாம்! இவ பக்கத்துலயே இருந்துட்டு, காதுல விழலைங்கிறா!"

லமியா சிரித்தாள். இந்த வேலைக்கு வருமுன் அவள் கள்ளச்சந்தைப் பாட்டுக்குருவிகளை ஆராய்ந்தவள்.

"சந்தையில குஞ்சுக் கூண்டைத் துணியால மூடி, பாடுற குருவி பக்கத்துல வைப்பாங்க. குஞ்சு சத்தமே போடாது. ஆனா கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு நாள் முழுப் பாட்டையும் பாடிடும். அதனாலதான் இவன்கிட்ட ஓயாம பேசுங்கன்னேன்."

"எனக்கே குருவிப் பாடமா! நானும் வளர்க்கிறவன்தான். பாட்டைக் கேட்டே, கத்துக்கொடுத்த குருவி எதுன்னு சொல்லிடுவேன்." மகனின் கன்னத்தைத் தட்டினான். "எங்கே, பாடுடா சிங்கம்!"

"வேணாங்க, வீட்டுக்குப் போயிடலாம்." வர்தியா பதறி எழுந்தாள்.

யானிஸ் கண்களை மூடிக்கொண்டான். விம்மலை அடக்கிய குரலில், ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னான்:

"அல்லாவே, இவனைத் தனியா விட்டுட்டு என்னைக் கூப்பிட்டுக்காதே. முதல்ல இவனை எடுத்துக்கோ."

கற்றுக்கொடுத்த குருவி எதுவென்று மக்லூஃபை யாரும் கேட்கவில்லை.