லாஹிரியின் மருந்துப் பை

மனைவியின் கையிலிருந்த ஆக்சிஜன் டப்பாவைப் பிடுங்கி, வண்டி ஜன்னல் வழியே வெளியே வீசினார் லாஹிரி. அது பாறையில் மோதி உருண்டு, பாங்காங் ஏரிக்கரைக் கற்களுக்கு நடுவே போய் விழுந்தது.

"நடிக்கிறா! மூச்சு முட்டுதாம் மூச்சு! வாய மூடிட்டு உக்காருடி!"

வண்டியோட்டி நுர்பூ கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தான். சுப்ரா அம்மாள் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு கதவோரமாக ஒடுங்கியிருந்தாள். கைக்குட்டை முழுக்க ரத்தம்.

மூன்று நாள் முன்பு லே விமான நிலையத்தில் வண்டியில் ஏறியபோது லாஹிரியிடம் என்ன சிரிப்பு, என்ன குழைவு! காதை மூடிய குரங்குக் குல்லாய், கையில் ஒரு பெரிய பை. வங்காளத்துக் கிருஷ்ணநகர் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். வழியெல்லாம் பையைத் திறந்து காட்டிக்கொண்டே வந்தார். மூக்கு உலராமல் இருக்கச் சொட்டு மருந்து, உதட்டுக்குக் களிம்பு, அறைக்காற்றை ஈரமாக்க உள்ளங்கை அளவு மெஷின், ஆறு ஆக்சிஜன் டப்பா.

"இவ்வளவு இருக்கறப்ப, உசரம் உடம்புக்குப் பழகணும்னு லேவுல ரெண்டு நாள் படுத்துக் கிடக்கணுமா நுர்பூ? நாளைக்கே ஏரிக்குக் கிளம்பு!"

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்றும் இருந்தது. மணிக்கொரு தரம் அதை மனைவியின் விரலில் மாட்டி எண்ணைப் படிப்பார். "நீங்களும் ஒரு தடவை வெச்சுப் பாருங்க சார்" என்று நுர்பூ சொன்னதற்கு, "எனக்கென்னப்பா, நான் குதிரை!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அத்தனையும் வேஷம் என்று இப்போது தோன்றியது. ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கியாயிற்று. இன்று விடிந்ததிலிருந்து மனுஷன் முகமே வேறாக இருந்தது. தங்கிய வீட்டில் கொடுத்த உப்புத் தேநீரைத் தட்டிவிட்டார். அந்தக் குட்டி மெஷினைக் காலால் உதைத்தார்.

"சுஷூல் பக்கம் விடு. இன்னும் மேல போகணும்."

"அம்மாவுக்கு முடியலியே சார். திரும்பிடலாமே."

"செத்தா சாகட்டும்! நீ ஓட்டு!"

நுர்பூ வேகத்தைக் குறைத்தான். மேலே போகப் போக ஆளும் கிடையாது, போனும் எடுக்காது. அங்கே ஒரு பெண்பிள்ளைக்கு மூச்சு நின்றால், மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

"பெர்மிட்டுல ஒரு சீல் பாக்கி சார். டாங்ட்ஸே போய் வாங்கிட்டுப் போயிடலாம்" என்று பொய் சொல்லி வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பினான்.

லாஹிரி ஏதோ முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கியது. தூங்கிவிட்டார்.

"அமா-லே," என்று நுர்பூ, தன் ஊர்ப் பேச்சில் அம்மா என்று, பின்பக்கம் திரும்பாமல் மெல்லக் கூப்பிட்டான். "பயப்படாதீங்க. போலீஸ்ல சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம் தம்பி!" சுப்ரா அம்மாள் பதறினாள். "அவர ஒண்ணும் பண்ணிடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

இப்படியும் ஒரு பெண்ணா என்று நினைத்துக்கொண்டே நுர்பூ வண்டியை இன்னும் வேகமாக விட்டான்.

டாங்ட்ஸே சுகாதார நிலையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாளை மட்டும் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனான். அங்கே நர்ஸாக இருந்த ஸ்கர்மா உறவில் அவனுக்கு அக்கா; அவர்கள் பேச்சில் 'ஆச்சே'.

"ஆச்சே, சீக்கிரம் பாரு. வெளிய இருக்கானே அந்தாளு, பொண்டாட்டியக் கொல்லப் பாக்கறான்!"

ஸ்கர்மா அம்மாளை உட்கார வைத்து, விரலில் கருவியை மாட்டினாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"ரத்தம் எப்பத்திலேர்ந்து?"

"ராத்திரியிலேர்ந்து. அந்தச் சொட்டு மருந்த அவர் எங்கயோ எறிஞ்சுட்டார்."

வெளியே வண்டிக் கதவு அறையப்படும் சத்தம் கேட்டது. "எங்கடி போயிட்டே? எவன்டா எம் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போனது?" என்று லாஹிரி கத்தினார். நுர்பூ பாய்ந்து போய்க் கதவைத் தாழிட்டு, முதுகைக் கொடுத்து நின்றான்.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"உங்க வீட்டுக்காரர் எப்பவுமே இப்படித்தானாம்மா?" ஸ்கர்மா கேட்டாள்.

சுப்ரா அம்மாள் வெடித்த உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்திரண்டு வருஷத்துல என்னை ஒரு தடவ 'டி' போட்டதில்லம்மா. குரல் ஒசத்தினதே இல்ல. இன்னிக்கு விடிஞ்சப்ப, 'நீ யாரு'ன்னு கேட்டார்."

ஸ்கர்மா சட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போனாள். லாஹிரி கதவை விட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்தார்.

"நல்லாக் குடிச்சிருக்கான்" என்றான் நுர்பூ.

ஸ்கர்மா அதற்குள் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கதவத் திறடா மடையா! இந்தம்மாவுக்கு மூக்கு காஞ்சு வந்த ரத்தம்தான், நல்லாத்தான் இருக்காங்க; உசரம் ஒத்துக்காம மூளையில நீர் கோத்துச் செத்துக்கிட்டிருக்கறது அவரு!"