மேஜர் கொடுத்த செடி

விடிந்தும் விடியாமல், சவத்தைப் புதைத்த உரக்குழியின் மேல் வெங்கடேஸ்வரி இன்னொரு கூடை சாணத்தைக் கொட்டி மிதித்தாள். இந்நேரம் மக்கிப்போயிருக்கும் என்று புத்திக்குத் தெரிந்தது, பாழாய்ப்போன நெஞ்சுக்குத்தான் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு வந்திருக்கும் மேஜர், காலைச் சாப்பாட்டுக்கு இங்கே வருகிறார்.

செத்தது ஆளல்ல, செடி. ஆனால் அவள் புருஷன் ஆவுடையப்பனுக்கு அது ஆளைவிட மேல். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று, அவருடைய மேஜர் தன் கையால் கொடுத்த செடி. இமயமலைக் காட்டில், பெரிய மரங்களின் நிழலில் வளரும் ரோடோடென்ட்ரான். அதிலும் அபூர்வமான காட்டு வகை.

"பூத்துச்சுன்னா கொத்துக் கொத்தாச் செவப்புலே! நம்ம சீமையில யாருகிட்ட இருக்கு?" ராஜபாளையத்தில் அவர் இதைச் சொல்லாத டீக்கடை கிடையாது.

செண்பகத்தோப்புப் பக்கம் இருந்த தங்கள் தோப்பு வீட்டில், மாமர நிழலில் அதை நட்டார். அடியில் சருகு மெத்தை, சுற்றிலும் கீற்றுத் தடுப்பு, மத்தியானம் ஐஸ் தண்ணீர். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெங்கடேஸ்வரிக்கு அப்படி ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கிடைத்ததில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு அவர் சோழபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டார். செடி கொஞ்சம் வாடித் தெரிந்தது. சோறு வடித்த கஞ்சியை ஊற்றினால் தெம்பாகும் என்று நினைத்தது வெங்கடேஸ்வரியின் மேதாவித்தனம். அதை ஆறவைக்காமல் ஊற்றியது அதைவிடப் பெரிய மேதாவித்தனம்.

செடி கருகிப்போனது. அவர் திரும்புவதற்குள் அதை உரக்குழியில் புதைத்துவிட்டு, கண்மாய்க்கரைக் கோயில் வேலியிலிருந்து ஓர் அரளியை வேரோடு பிடுங்கிவந்து அதே இடத்தில் நட்டாள். அதே நீள இலை, அதே கரும்பச்சை. நாட்டின் எல்லையைக் காத்த மனுஷனுக்குத் தன் தோப்பில் நடந்த ஆள்மாறாட்டம் தெரியவே இல்லை.

ஒரே தொல்லை, அரளி மொட்டு விடும். பூத்தால் குட்டு உடைந்துபோகும். அதனால் தினமும் அவருக்கு முன்னால் எழுந்து மொட்டுகளைக் கிள்ளிப்போடுவாள். சில நாள் அவள் போவதற்கு முன்பே மொட்டெல்லாம் காணாமல் போயிருக்கும். அணில் கடித்திருக்கும் என்று நினைத்து, அந்த அணிலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவாள்.

இன்று உரக்குழியிலிருந்து செடியடிக்கு வந்தவளுக்குத் திக்கென்றது. உச்சியில் ஒரு பூ விரிந்தே விட்டது. அரளிப்பூவைத் தெரியாதவர் யார்? மேஜர் பார்த்தால் புருஷனின் மானம் கப்பலேறிவிடும். எக்கிப் பறித்தாள்.

பின்னால் சருகு நொறுங்கியது.

"ஏட்டி, இங்க என்னட்டி செய்யுத?"

ஆவுடையப்பன் நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்வை. கையில் பூவோடு பிடிபட்டவள் அப்படியே உடைந்துபோனாள்.

"நாந்தாங்க கொன்னேன்! கொதிகஞ்சிய ஊத்திட்டேன். இது கண்மாய்க்கரைக் கோயில் வேலியில புடுங்குன அரளி. அம்புட்டு சனத்துகிட்டயும் பெருமையாச் சொன்னீகளே, ஒங்க மானத்த வாங்கிட்டேனே!"

அவர் பொத்தென்று சருகில் உட்கார்ந்தார். செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி செடியைப் பார்த்தார். மாரடைப்பு வந்துவிடுமோ என்று அவர் நெஞ்சை நீவிவிட்டாள்.

"ஏங்க, வையவாச்சும் செய்யுங்க. மேஜர் வேற வந்துருவாரு."

அவர் மடியை அவிழ்த்தார். நேற்று அவரே கிள்ளிய மொட்டுகள் வாடிப்போய்க் கீழே உதிர்ந்தன.

"அழாதட்டி... நீ கொன்னதும் அந்த வேலி அரளிதான்."