தானாகத் திறக்காத பக்கம்

இடைக்கால இங்கிலாந்தின் லிங்கன் நகர நீதிமன்றத்தில் ஈரக் கம்பளி வாடை அடிக்கிறது. சன்னல் வழியே வெளிறிய மழை வெளிச்சம். ஆடு திருடிய வாட்கின் கூண்டில் நிற்கிறான். புனித நூலில் ஒரு பத்தியை லத்தீனில் வாசித்துவிட்டால் தூக்கு இல்லை என்பது இந்நாட்டுச் சட்டம். வாசிக்கிறானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் பாதிரியார் அம்ப்ரோஸ். எழுத்தறியாத எத்தனையோ கழுத்துகளைக் காப்பாற்றிய புத்தகம் அது. கைதிகளின் பெருவிரல் அழுக்கேறி, விரித்தாலே இரக்கம் கேட்கும் அந்த ஒரு சங்கீதப் பாடல் உள்ள பக்கத்தில்தான் போய் நிற்கும். ஊரே அதை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. அட்டையின் முதுகு கிழிந்துவிட்டதென்று போன வாரம் அதைப் புதிதாகக் கட்டக் கொடுத்தவர் அம்ப்ரோஸ்தான். பசை மணம் மாறாத புத்தகம் இன்று வேறெங்கோ திறந்துகொள்கிறது. வாட்கின் அந்த வரிகளில் விரலை ஓட்டியபடி பழைய சங்கீதத்தைப் பிசகில்லாமல் ஒப்பிக்கிறான். "ஆட்டுக்காரன் லத்தீன்ல பொளந்து கட்டுறான் பாரேன்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரிக்கிறது. நீதிபதி வேண்டுமென்றே சன்னலைப் பார்த்துக்கொண்டு, "படிக்கிறானா, சாமி?" என்று கேட்கிறார். ஆமாம் என்றால் போதும். அம்ப்ரோஸின் கண்ணோ, திறந்திருக்கும் ஏட்டிலேயே இருக்கிறது. "இது அந்தப் பக்கம் இல்லியே..." வாய் முந்திக்கொள்கிறது. எழுத்தரின் இறகுப் பேனா கீச்சிட்டு அதைப் பதிவுசெய்கிறது. நீதிபதி மெல்லத் திரும்பி அவரையே பார்க்கிறார்.

காவலர்கள் தோளைப் பிடித்த பிறகும் வாட்கின் புத்தகத்தை விடவில்லை.

"சாமி, நான் எந்த எழுத்த விட்டுட்டேன்? சொல்லுங்க, இன்னொரு தடவ படிச்சுக் காட்டுறேன்."