தம்பிக் கோளாறு

"மீட்டர்காரரே, பையைத் திறக்காதீங்க. இது வண்டிக் கோளாறு இல்ல, தம்பிக் கோளாறு!"

டிராக்டருக்கு வயர் வேலை பார்க்க வந்தவர் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள்ளேயே அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

கொட்டகைக்குள் டிராக்டர் குளித்து முடித்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது.

"நேத்து மத்தியானம் வரைக்கும் சாவியைத் திருப்பினா ஓடிச்சு. சாயங்காலம் இவன் கழுவினான். காலையிலேர்ந்து நான் ஏறினா மூச்சே விடமாட்டேங்குது. இவன் ஏறினா ஜம்முனு கிளம்புது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"உங்களைவிடத் தம்பிமேல அதுக்குப் பாசம் ஜாஸ்தின்னு அர்த்தம்," என்றாள் விதை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணி.

"நீ சும்மா இரு. ஏதோ பண்ணி வச்சிருக்கான். நான் ஓட்டக்கூடாது, தான்தான் ஓட்டணும்னு திட்டம். அது மட்டும் உண்மைன்னு தெரியட்டும், இன்னிக்கே வண்டியை வித்துட்டு நிலத்தையும் ரெண்டாப் பிரிச்சுடறேன். இருபத்தஞ்சு வருஷக் கூட்டு போதும்."

அண்ணியின் சிரிப்பு நின்றுபோயிற்று. மனிதர் வாய்ச்சவடால் ஆள்தான். ஆனால் நிலத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தம்பி தலையைக் குனிந்து தன் நீலச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செருப்பில் குதிகால் பக்கம் ஒரு துண்டைக் காணோம்.

"அதைப் பாருங்க! பிஞ்ச செருப்பு. புதுசு வாங்க மனசு வராது. இவனா எனக்கு டிராக்டரை விட்டுக்கொடுக்கப் போறான்?"

மீட்டர்காரர் பையிலிருந்து மீட்டரை எடுத்து வேலையைத் தொடங்கினார். பேட்டரியில் குறையில்லை. டெர்மினல் இறுக்கமாக இருந்தது. ஃப்யூஸ் ஒன்றுகூடப் போகவில்லை. எர்த் கம்பியை உருவிப் பார்த்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. கழுவின தண்ணீர் எங்காவது இறங்கியிருக்குமோ என்று ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"தம்பி, ஒரு தடவை ஏறுங்க."

தம்பி ஏறினார். சாவியைத் திருப்பினார். கடகடவென்று என்ஜின் உறுமியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று குதித்தார் அண்ணன்.

"அண்ணே, இப்ப நீங்க."

எல்லோரும் ஏறுகிற இடப்பக்கத்தை விட்டுவிட்டு, அண்ணன் வலப்பக்கமாகச் சுற்றிப் போய் ஏறினார். சாவியைத் திருப்பினார். வண்டி வாயைத் திறக்கவில்லை.

மீட்டர்காரருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. முப்பது வருஷமாக எல்லாக் கோளாறையும் கம்பியிலேயே தேடிப் பழகிவிட்டோமோ?

"இன்னொரு தடவை திருப்புங்கண்ணே."

இந்த முறை அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. அண்ணனின் இடது காலைப் பார்த்தார்.

கிளட்ச் பெடலைக் கடைசிவரை மிதித்தால்தான் அது கீழே இருக்கும் ஸ்விட்சைத் தொடும். தொட்டால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். அண்ணனின் கால் தரைக்கு இரண்டு விரல் மேலேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"என்ன பாக்கறீங்க? இப்பவும் ரெண்டு மூட்டையை ஒண்ணாத் தூக்குவேன் நான்!"

சரி, முட்டி வலி. அப்படியென்றால் நேற்றுவரை எப்படி ஓடியது?

மீட்டர்காரர் வண்டிக்கு அடியில் படுத்தார். பெடலின் அடியில் விரலால் தடவினார். ஈரத் தரையில் துழாவினார். கையில் ஏதோ அகப்பட்டது. பார்த்தார். சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டைத் தளர்த்தி, ஸ்விட்சைச் சற்று மேலே ஏற்றி முடுக்கினார்.

"இப்பத் திருப்புங்கண்ணே. கியர் நியூட்ரல்ல இருக்கட்டும்."

உறுமியது வண்டி. அண்ணி கை தட்டினாள். அண்ணனின் முகத்தில் பத்து வயசு குறைந்தது.

"என்னதான் கோளாறு?"

"ஸ்விட்ச் கொஞ்சம் கீழே இருந்துச்சு. பழைய வண்டி பாருங்க."

"அப்ப இவன் ஒண்ணும் பண்ணலையா?"

மீட்டர்காரர் ஒரு நொடி யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"ஒண்ணுமே பண்ணலை."

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டேய், என்னடா நிக்கிற? விதையைத் தூக்கிட்டு வா. உனக்காக மழை காத்துக்கிட்டு இருக்குமா?"

"அப்ப நிலத்தைப் பிரிக்கிறது?" என்றாள் அண்ணி.

"எந்த நிலத்தை?" என்று கேட்டுவிட்டு வண்டியை நகர்த்தினார் அண்ணன். சீட்டில் ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.

மூட்டையைத் தூக்கப் போன தம்பியை மீட்டர்காரர் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நீல ரப்பர் துண்டை எடுத்தார். குனிந்து செருப்பின் குதிகாலில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"உங்க அண்ணன் சொன்னது சரிதான் தம்பி. நீங்க ஏதோ பண்ணித்தான் வச்சிருந்தீங்க. கால் எட்டாட்டியும் ஸ்விட்ச் அழுந்தணும்னு பெடலுக்கு அடியில ஒட்டியிருக்கீங்க. யோசனை நல்ல யோசனை, பசைதான் மட்டம். தண்ணி பட்டதும் விட்டுடுச்சு."

தம்பி பதறிப்போய் வயல் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க! அண்ணனுக்குத் தெரிஞ்சுடும்."

"எது? முட்டி வலியா? அது அவருக்குத் தெரியாதா என்ன?"

"வலி அவருக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும்கிறதுதான் தெரியாது."