வெட்கமானி

எதிர்வீட்டு நறுமுகையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஒத்தாசைக்காக நானும் போயிருந்தேன். பஜ்ஜிக்காகத்தான் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போதெல்லாம் பெண்ணை யாரும் பாடச் சொல்வதில்லை. பையனின் அம்மா ரத்னாவதி, வெட்கமானியை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். பையனைப் பார்த்ததும் பெண்ணின் முகத்தில் எவ்வளவு ரத்தம் ஏறுகிறது என்று அது எண்ணில் காட்டும். அறுபதுக்குக் கீழே என்றால் சம்பந்தம் கிடையாது.

நறுமுகையின் அம்மா சும்மா இருப்பாளா? வெட்கப் பிளாஸ்திரி ஒன்று வாங்கிவந்து மகள் கையில் கொடுத்திருந்தாள். பிடரியில் ஒட்டினால் போதும். நரம்பு அனுப்புகிற அதே ரசாயனச் சேதியை அதுவும் அனுப்பும். ரத்தக்குழாய்த் தசை தளர்ந்து கன்னம் குப்பென்று சிவந்துவிடும்.

நறுமுகை அதை ஒட்டிக்கொள்ளவில்லை. “முதல்ல அத்தைக்குப் பூ வெச்சுவிடறேன்” என்று ரத்னாவதியின் பின்னால் போனாள். மல்லிகைச் சரத்தைச் செருகிய கையோடு பிளாஸ்திரியையும் அந்தம்மாள் பிடரியில் ஒட்டிவிட்டாள். நான் பார்த்துவிட்டேன். பஜ்ஜியால் வாயை அடைத்துக்கொண்டேன்.

பிறகு நறுமுகை வெட்கமானியை ரத்னாவதி பக்கம் திருப்பிவைத்துக் கேட்டாள்: “உங்க பையனைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டீங்கல்ல அத்தை?”

அந்தம்மாள் முகம் தக்காளியாயிற்று. எண் தொண்ணூற்றிரண்டு. அதைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆச்சும்மா... ஆனா நாலே மாசம்தான்!”

பையன் தரையைப் பார்த்தான்.

“இன்னொரு பஜ்ஜி எடுத்துக்குங்க அத்தை. முதல்லேருந்து நிதானமா சொல்லுங்க” என்றாள் நறுமுகை.