நண்டுக்காலனின் கால்

நாற்பது வருஷம் ஆகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. மரப்படியில் ஊன்றுகோல் ஒரு குறில். இழுபடும் கால் ஒரு நெடில். குறில், நெடில். குறில், நெடில்.

எங்கள் சித்திரக்கதை வார இதழின் அலுவலகம் மாடியில் இருந்தது. படங்களில் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்து எழுதுவது என் வேலை.

ஏறி வந்தவர் பக்கத்துப் பள்ளியின் கணக்கு வாத்தியார். எங்கள் இதழை எடிட்டரின் மேசையில் போட்டார்.

"யாருய்யா இந்த நண்டுக்காலன்?"

"எங்க வில்லன் சார்." எடிட்டர் பெருமையாகத்தான் சொன்னார்.

"அவன் ஏன் நொண்டுறான்?"

எடிட்டர் ஓவியரைப் பார்த்தார். ஓவியர் தூரிகையைப் பார்த்தார்.

"வில்லன்னா ஏதாவது ஒண்ணு இருக்கணும்ல சார். ஒத்தைக் கண்ணு, கூனு, தழும்பு..." ஓவியர் இழுத்தார்.

"புத்தி கெட்டுப் போயிருந்தா பத்தாதா? காலும் கெட்டிருக்கணுமா? என் வகுப்புல நாப்பது பசங்க. நான் போர்டு பக்கம் திரும்பினா போதும், 'நண்டுக்காலன்'னு ஒரு முனகல். இது நிக்கலேன்னா வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்."

எங்களுக்குத் தலை நிமிரவில்லை. வில்லனின் காலை அன்றே நேராக்கினோம். பரிகாரமாக, எங்கள் நாயகன் வெண்சிறகனின் காலை உடைத்தோம்.

அடுத்த இதழில் வெண்சிறகன் ஏழு பக்கம் நொண்டினான். வாசகர்கள் அழுது கடிதம் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் பக்கத்தில் ஒரு விஞ்ஞானி வந்து ஊசி போட்டார். எழுந்து பறந்துவிட்டான். 'நம்பிக்கை இருந்தால் நடக்கலாம்' என்று கடைசிக் குமிழியில் எழுதியது நான்தான். கொட்டை எழுத்தில்.

மறு வாரம் படியில் மறுபடியும் அதே சத்தம். இந்த முறை வேகமாக.

பாராட்ட வருகிறார் என்று எடிட்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன் சார், இன்னும் அந்தப் பேரைச் சொல்லியா கூப்பிடறாங்க?"

"எங்க கூப்பிடறாங்க? 'பாவம் சார்'ங்கிறானுங்க. பையைத் தூக்க நாலு பேரு. படியேத்திவிட ரெண்டு பேரு. கடைசி பெஞ்சுல ஒருத்தன், 'கவலைப்படாதீங்க சார், ஊசி கண்டுபிடிச்சுடுவாங்க'ங்கிறான். வீட்டுக்கணக்கு போடலையேன்னு அதட்டினா, ஓடிப்போய் நாற்காலி கொண்டாந்து போடறான்."

ஓவியர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நண்டுக்காலனா இருந்தப்ப என்னைக் கண்டா வகுப்பே நடுங்கும். ஒரு பயலும் என்னை நோயாளியா நினைக்கலை."

"அதுக்காக வெண்சிறகனை அப்படியே விட்டுட முடியுமா சார்? நாயகன் கடைசி வரைக்கும் நொண்டிக்கிட்டே ஜெயிச்சா யாரு நம்புவா?"

வாத்தியார் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்.

"நான் முப்பது வருஷமா நொண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நாலு மாடிப் பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறேன். என்னை நம்பறீங்கல்ல?"

எடிட்டர் போட்ட பொத்தானை மெல்லக் கழற்றினார்.

"என் வில்லனைத் திருப்பிக் குடுங்க. கதையை இனிமே நான் எழுதறேன். ஊசி கிடையாது, கண்ணீர் கிடையாது. அவன் திருந்தவும் மாட்டான்."

"அப்புறம் பசங்க பழையபடி கூப்பிடுவாங்களே சார்?"

"கூப்பிடட்டும். வீட்டுக்கணக்கைப் போட்டுட்டு வந்து கூப்பிடட்டும்."

வாத்தியார் பதினொரு வருஷம் எழுதினார். நண்டுக்காலன் பாதிக் கதைகளில் ஜெயித்தான், ஒன்றில்கூடக் குணமாகவில்லை.

குணமான வெண்சிறகனைத்தான் அப்புறம் யாரும் தேடவில்லை. பின்னட்டையில் மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.