அக்கி ஆறிய தோள்

குற்றாலத்தில் சாரல் தூவுகிறது. அருவிக்கு நடக்கும் குத்தாலிங்கம் வலது தோளை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். ஒரு துளி பட்டாலும் தீ சுட்டதுபோல் முகம் சுளிக்கிறது. அக்கி ஆறி மாதங்கள் ஆகின்றன. கிருமியை விரட்ட வந்த வெள்ளணுக்கள் இன்னும் நரம்பைவிட்டு நகராமல் அதை உசுப்பிக்கொண்டிருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். மனைவி சண்முகசுந்தரி அந்தத் தோளைத் தொடுவதையே விட்டுவிட்டாள். இப்போது அருவிக்கடியில் கையை விலக்கி நிற்கிறார்; தண்ணீர் அதே தோளில் கல்லாய் விழுகிறது. அவர் முகம் தெளிகிறது. கம்பித் தடுப்பருகே துண்டோடு நிற்பவளிடம் வந்து, “எரியலட்டி. லேசாப் பட்டாத்தான் எரியுது, கனமா விழுந்தா சுகமா இருக்கு” என்கிறார். அவள் துண்டைத் தடுப்பில் போட்டுவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவே, சப்பாத்தி மாவை அழுத்துவதுபோல் உள்ளங்கையை அவர் தோளில் ஊன்றுகிறாள். “வலிக்கா?” என்று கேட்கிறாள். “இல்ல. கையை எடுத்துராத.”